சார்ட் முழுசா படிக்காரு, ஆனா இடது பக்கம் இடிச்சுக்கிட்டே இருக்காரு – ஃபீல்ட் டெஸ்ட் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

தென்காசி_சாரல்
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயசு, சுகர் பிரஷர் ரெண்டும் உண்டு. போன வருஷம் ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் முடிஞ்சு லென்ஸ் வச்சாச்சு, சார்ட்ல கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்காரு. ஆனா ரெண்டு மூணு வாரமா ஒரு மாதிரி இருக்காரு. இடது பக்கம் நிலைப்படில தோள இடிக்காரு, டிவிஎஸ் எக்ஸெல்ல போறப்ப ஓரமா நின்ன ஆட்டோவ உரசிட்டு வந்தாரு, தினத்தந்தி படிக்கப்ப ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரி ஆரம்பத்துக்கு வரதுக்குள்ள தடுமாறி "அச்சு சரியில்லடே"ன்னு பேப்பர்காரன திட்டுதாரு. கண் டாக்டர்ட்ட காட்டுனோம், கண் பிரஷர் 18, அது நார்மல்தானாம், ஆனாலும் ஃபீல்ட் டெஸ்ட், அதாவது ஓரம் வரைக்கும் பார்வை எவ்வளவு தெரியுதுன்னு பாக்குற டெஸ்ட், ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னுட்டாங்க. நெட்ல தேடுனா எல்லாம் க்ளாக்கோமா க்ளாக்கோமான்னே வருது, கண் நரம்பு கெட்டுப் போற நோயாம், பயமா இருக்கு. அனுபவம் உள்ளவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

வைகை_வாசி
தம்பி நான் க்ளாக்கோமா கேஸு, பல வருஷமா சொட்டு மருந்துல ஓடிக்கிட்டு இருக்கேன், அதனால சொல்றேன். பிரஷர் 18னா நிம்மதின்னு நினைக்காதீங்க. பொதுவா 10ல இருந்து 21 வரைக்கும் நார்மல்ம்பாங்க, ஆனா அந்த அளவுக்குள்ள இருந்தும் நரம்பு கெட்டுப் போறவங்க உண்டு, அதுக்கு நார்மல் டென்ஷன் க்ளாக்கோமான்னு தனிப் பேரே இருக்கு. கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்புல கிட்டத்தட்ட 12 லட்சம் இழை இருக்காம், அதுல கணிசமா போன பெறகுதான் ஃபீல்ட் டெஸ்ட்லயே ஓட்டை தெரியும், அது வரைக்கும் நமக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்கும் சார்ட்ல கடைசி வரி தெரியும், ஆனா படில எறங்கும்போது கீழ் படி காணாம போயிரும். க்ளாக்கோமா நடுப்பார்வைய கடைசிலதான் தொடும், ஓரத்த முதல்ல தின்னுட்டு வரும். டெஸ்ட தள்ளிப் போடாதீங்க.

அடையாறு_ஆலமரம்
பொன்னாங்கண்ணிக் கீரை தினம் சாப்பிட சொல்லுங்க. கூடவே காலைல வெறும் வயித்துல கண் பயிற்சி. எங்க மாமியாருக்கு ஒருத்தர் மூலிகைச் சொட்டு குடுத்தார், நல்லா குளிர்ச்சியா இருந்துதுன்னாங்க, வேணும்னா நம்பர் தரேன்.

சேலத்து_ஆப்டோம்
ஆலமரம் மேடம், கீரை எவ்வளவு வேணா சாப்பிடட்டுங்க, கண்ணுக்குள்ள மட்டும் பேர் தெரியாத எதையும் விட வேண்டாங்க. குளிர்ச்சியா இருக்குன்னு விட்ட சொட்டுல ஸ்டீராய்டு கலந்திருந்து அதுனாலயே கண் பிரஷர் ஏறி நரம்பு போனவங்கள வேலைல பார்த்திருக்கேன். மெடிக்கல் ஷாப்ல கண் உறுத்தலுக்குன்னு கேட்டு வாங்கி மாசக்கணக்குல விடறதும் அதே கதைதாங்க.

தென்காசி, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வை டெஸ்ட் பண்றவன், டாக்டர் இல்லைங்க, அதனால இதை டயக்னோசிஸா எடுத்துக்காதீங்க. ஆனா நீங்க சொன்னதுல ஒரு விஷயம் உறுத்துது. க்ளாக்கோமா வருஷக்கணக்குல மெதுவா வர்ற சமாச்சாரம், உங்கப்பாவுக்கு ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிச்சிருக்கு, அதுவும் ஒரே பக்கம். வீட்டுலயே ஒண்ணு செய்ங்க. அப்பாவ எதிர்ல உக்கார வச்சு வலது கண்ண மூட சொல்லுங்க, உங்க மூக்கையே பாக்கணும், நீங்க கைய ஓரத்துல இருந்து மெதுவா உள்ள கொண்டு வந்து விரல ஆட்டுங்க, எப்ப தெரியுதுன்னு கேளுங்க. அப்புறம் இடது கண்ண மூடிட்டு அதே மாதிரி. இடது கண்ணுல மட்டும் பிரச்சனைன்னா கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணுலயோ அதோட நரம்புலயோ இருக்கும். ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம், அதாவது வலது கண்ணுல பாத்தாலும் இடது பக்கம் இல்ல, இடது கண்ணுல பாத்தாலும் இடது பக்கம் இல்லன்னா, அது கண்ணுக்குப் பின்னாடி, மூளைக்குள்ள நடந்த விஷயம்ங்க. அப்படி இருந்தா ஃபீல்ட் டெஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் கூட காத்திருக்காதீங்க.

இன்னொண்ணு, "கருப்பா தெரியுதா"ன்னு கேக்காதீங்க. கருப்பா தெரியாது. முதுகுக்குப் பின்னாடி இருக்கறது நமக்கு கருப்பாவா தெரியுது, ஒண்ணுமே தெரியறதில்லையே, அப்படித்தான். அதனாலதான் அவரு அச்சு சரியில்லங்கறாரு.

தென்காசி_சாரல்
செஞ்சு பாத்தேன் சார். ரெண்டு கண்ணுலயும் இடது பக்கம் விரல் நடுவுக்கு வந்த பெறகுதான் தெரியுதுங்காரு. இன்னிக்கு சாயந்திரம் ஃபீல்ட் டெஸ்ட்டும் எடுத்துட்டோம். பிரிண்ட்ல ரெண்டு வட்டத்துலயும் இடது பாதி கருப்பு, வலது பாதி வெள்ளை, வலது வட்டத்துல மட்டும் வலது பக்கம் ஒரு சின்ன கருப்புப் புள்ளி இருக்கு. டாக்டர் நாளைக்குதான் வருவாங்களாம்.

சேலத்து_ஆப்டோம்
அந்தச் சின்னப் புள்ளி எல்லாருக்கும் இருக்கறதுங்க, நரம்பு கண்ணுக்குள்ள நுழையற இடத்துல ஒளி தெரியாது, பார்வை மையத்துல இருந்து சுமார் 15 டிகிரி வெளிப்பக்கம் விழும். அதை விடுங்க. ரெண்டு வட்டத்துலயும் ஒரே பக்கம் பாதி போயிருக்குன்னா ஹோமோனிமஸ் ஹெமியனோபியாம்பாங்க. இடது பக்கக் காட்சி ரெண்டு கண்ணுல இருந்தும் சேர்ந்து வலது மூளையோட பின்பகுதிக்குத்தான் போகுது. இந்த வயசுல, சுகரும் பிரஷரும் இருக்கறவருக்கு, திடீர்னு இப்படின்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஸ்ட்ரோக். கை கால் விழல, வாய் கோணல, பேச்சு குழறல, அதனால வீட்டுல யாருக்கும் ஸ்ட்ரோக்னு தோணாது. நாளைக்கு வரை வேண்டாங்க, இந்த பிரிண்டோட இன்னைக்கே நியூராலஜி இருக்கற ஆஸ்பத்திரிக்கு எமர்ஜென்சில போங்க, எம்ஆர்ஐ கேளுங்க. வண்டி சாவிய வாங்கி வச்சிருங்க.

வைகை_வாசி
இது ஸ்ட்ரோக்னே வச்சுக்கிட்டாலும் க்ளாக்கோமா இல்லைன்னு ஆகாது சார், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்ல. நரம்பையும் பாக்கச் சொல்லணும்.

சேலத்து_ஆப்டோம்
இருக்கலாம் அண்ணே, ஆனா க்ளாக்கோமா நடுக்கோட்டுல ஸ்கேல் வச்சு வெட்டுன மாதிரி நேர் கோடா நிக்காது. அது வில்லு மாதிரி வளைஞ்சு வரும், இல்ல மூக்குப் பக்கம் மேலயோ கீழயோ ஒரு படி மாதிரி ஆரம்பிக்கும், ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி இருக்காது. இப்ப அவசரம் அது இல்லைங்க.

கோவை_குறிஞ்சி
நடுக்கோடுன்னதும் சொல்லணும்னு தோணுச்சுங்க. எனக்கு ரெண்டு கண்லயும் வெளிப்பக்கம் போயிருந்தது, அதாவது இடது கண்ல இடது பக்கம், வலது கண்ல வலது பக்கம். பிரசவமே ஆகாம மார்ல பால் கசிஞ்சது, பீரியட்ஸ் நின்னு போச்சு, அதுக்கு ஒரு டாக்டர், தலைவலிக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர்னு அலைஞ்சோம், மூணையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுப் பாத்தது ஃபீல்ட் டெஸ்ட் எடுத்த பொண்ணுதான். மூளைக்கு அடில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில கட்டி, புரோலாக்டினோமா. ரெண்டு கண்ணோட நரம்பும் குறுக்க மாறிப் போற எடம் அந்த சுரப்பிக்கு நேர் மேலதான் இருக்குதாமா, கட்டி கீழ இருந்து அமுக்கினா வெளிப்பக்கப் பார்வை ரெண்டும் போயிரும். இதுல நல்ல விஷயம் என்னன்னா இந்த வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரைலயே சுருங்கிடும், கேபர்கோலின்னு வாரத்துக்கு ரெண்டு நாள் போடற மாத்திரை, எனக்கு ஆபரேஷனே தேவைப்படல, ஃபீல்டு கிட்டத்தட்ட முழுசா திரும்ப வந்துருச்சுங்க. வேற வகைக் கட்டின்னா மூக்கு வழியா போய் எடுப்பாங்க. அதனால பார்வை போனா போனதுதான்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிடாதீங்க, எதனால போச்சுங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

சிவகாசி_சரவெடி
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு டிபி மருந்து ஓடுது, எத்தாம்பியூட்டால் சேர்த்து. செவப்பு கலர் மங்குன மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. இதுவும் இந்த மாதிரியா?

சேலத்து_ஆப்டோம்
இன்னைக்கே டிபி டாக்டர்ட்ட சொல்லுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. எத்தாம்பியூட்டால் கண் நரம்ப பாதிக்கும், அது ஓரத்துல ஆரம்பிக்காது, பெரும்பாலும் நடுப்பார்வை மங்கும், சிவப்பு பச்சை நிறம் முதல்ல வெளிறும். நேரத்துக்கு நிறுத்தினா பலருக்குத் திரும்பும். நீங்களா நிறுத்தாதீங்க, டிபி மருந்துல ஒண்ண எடுத்தா இன்னொண்ணு மாத்தித் தரணும், அது டாக்டர் வேலை. சிறுநீரகம் சரியில்லாதவங்களுக்கு இந்த ஆபத்து அதிகம், அதையும் சொல்லிடுங்க. மூட்டு வாதத்துக்கும் லூபஸுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் போடறவங்க இருந்தீங்கன்னா அதுவும் வருஷக்கணக்குல விழித்திரைய பாதிக்கலாம், உடம்பு எடைல கிலோவுக்கு தினம் 5 மி.கி. தாண்டக் கூடாதும்பாங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல போட்டா வருஷா வருஷம் ஃபீல்டும் ஸ்கேனும். வலிப்புக்கு விகாபட்ரின் குடுக்கற குழந்தைங்களுக்கும் ஓரப்பார்வை சுருங்கலாம். கள்ளச்சாராயத்துல வர்ற மெத்தனால் வேற, அது உடம்புக்குள்ள ஃபார்மிக் ஆசிடா மாறி நேரா கண் நரம்பத்தான் அடிக்கும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல செத்தாங்களே, அதே விஷம்தாங்க.

தென்காசி_சாரல்
பதில் போட லேட்டாயிட்டு, ஆஸ்பத்திரி வீடுன்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தோம். எம்ஆர்ஐல வலது பின் மூளைல ஸ்ட்ரோக்னு உறுதியாயிட்டு. கண்ணுல ஒண்ணுமே இல்ல, விழித்திரை நரம்பு எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க. கழுத்து ரத்தக் குழாய் டாப்ளர், எக்கோ, இசிஜி எல்லாம் எடுத்தாங்க, இசிஜில இதயத் துடிப்பு ஒழுங்கில்லாம இருக்காம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அங்க உறைஞ்ச ரத்தம்தான் மேல போயி அடைச்சிருக்கும்னு சொல்லுதாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சாச்சு, கொலஸ்ட்ரால் மாத்திரையும். உறைஞ்ச ரத்தத்த கரைக்கிற ஊசி ஏன் போடலன்னு கேட்டேன், அது ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தாதானாம். இப்ப என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், போன பார்வை வருமா? கண்ணாடி, சொட்டு மருந்து, ஆபரேஷன் ஏதாச்சும்? ஒருத்தர் கம்ப்யூட்டர்ல மூளைப் பயிற்சி, முன்பணம் கட்டுனா போதும் மொத்தப் பார்வையும் வந்துரும்ங்காரு.

சேலத்து_ஆப்டோம்
முன்பணம் கட்டாதீங்க முதல்ல.

வருமாங்கறதுக்கு நேர்மையான பதில், கொஞ்சம் வரலாம், அதுவும் பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல, மூளை வீக்கம் வத்தி பக்கத்துல பாதி உயிரோட இருந்த பகுதி தேறும்போது. ஆறு மாசத்துக்கு அப்புறம் தானா வர்றது ரொம்பக் குறைவு. சொட்டு மருந்தும் ஆபரேஷனும் இதுக்குக் கிடையாதுங்க, கண்ணுல கோளாறே இல்லையே. இப்ப ஓடற மாத்திரை போன பார்வைக்கு இல்ல, அடுத்த ஸ்ட்ரோக் வராம இருக்கறதுக்கு, அதனால பார்வை வரலையேன்னு கோவத்துல அப்பா அதை நிறுத்திடாம பாத்துக்குங்க. அது நெறைய வீட்டுல நடக்குது.

அந்தக் கம்ப்யூட்டர் பயிற்சி, இருட்டுப் பக்க எல்லைல லைட்டக் காட்டி பார்வைய விரிக்கிறோம்பாங்க. கண்ணு லேசாக் கூட அசையாம சரியா கண்காணிச்சு அளந்தப்போ ஃபீல்டு பெருசா விரியலன்னுதான் வந்திருக்கு. ஆனா கண்ண இருட்டுப் பக்கம் வேகமா பெருசா ஓட்டப் பழகுறது, ஸ்கேனிங்ம்பாங்க, அது உபயோகம். பார்வை விரியாது, ஆனா இடிக்கறது கொறையும். அதுக்குக் காசே வேண்டாம். ரூமுக்குள்ள நுழையறப்ப முதல்ல இடது கடைசி வரைக்கும் தலையோட திரும்பிப் பாத்துட்டுதான் அடுத்த அடி. சுவத்துல இடது பக்கமா சீட்டு ஒட்டி அதுல இருக்கற நம்பர வரிசையா கண்டுபிடிக்கச் சொல்லுங்க. பேப்பர் படிக்க இடது ஓரத்துல ஒரு சிவப்பு ஸ்கேல் வச்சுக்கட்டும், அது கண்ணுல படற வரைக்கும் இடது பக்கம் போகணும், பட்டாத்தான் வரி ஆரம்பம்.

ப்ரிசம்னு ஒண்ணு இருக்குங்க, ஒளிய வளைச்சுக் காட்டற பட்டை. பாஸ்டன்ல எலி பெலின்னு ஒருத்தர் வடிவமைச்சது, இடது கண்ணாடில நடுப்பகுதிய விட்டுட்டு மேலயும் கீழயும் பட்டையா ஒட்டறது, இருட்டுப் பக்கத்துல சுமார் 20 டிகிரில நடக்கறத இந்தப் பக்கம் கொண்டு வந்து காட்டும். சிலருக்குப் புடிக்கும், சிலருக்குத் தலை சுத்தும், கழட்டி வச்சிருவாங்க. லோ விஷன் பிரிவு, அதாவது பார்வை கொறஞ்சவங்களுக்கான பிரிவு, இருக்கற பெரிய கண் ஆஸ்பத்திரில ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. மூணு மாசம் போகட்டும், அதுக்குள்ள ஃபீல்டே மாறலாம்.

ஒரு கேள்வி, சாப்பிடறப்ப இலைல இடது பக்கம் வச்சத அப்படியே விட்டுடறாரா? சட்டைல இடது கைய மாட்ட மறக்கறாரா?

தென்காசி_சாரல்
இல்ல சார். இடது பக்கம் இருக்க ஊறுகாய தேடித் தேடி எடுக்காரு, அதெல்லாம் கரெக்டா இருக்காரு.

சேலத்து_ஆப்டோம்
அப்ப நல்லதுங்க. வலது மூளை ஸ்ட்ரோக்ல சிலருக்கு இடது பக்கம்னு ஒண்ணு உலகத்துல இருக்குங்கற நினைப்பே போயிரும், நெக்லெக்ட்ம்பாங்க, அவங்கள தேட வைக்கறதே கஷ்டம். உங்கப்பாவுக்கு பார்வை மட்டும்தான் போயிருக்கு, இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கற நினைப்பு இருக்கு, அதனால பழகிடுவாரு.

உங்களுக்கு ஆர்வம் இருந்தா ஒரு கொசுறு. மூளைல எந்த இடம் பார்வைல எந்த இடம்னு வரைபடம் போட்டவங்கள்ல முக்கியமானவரு தட்சுஜி இனோயேன்னு ஒரு ஜப்பான் கண் டாக்டர். ரஷ்யாவோட நடந்த சண்டைல தலைல குண்டு துளைச்சும் பொழச்ச சிப்பாய்ங்களுக்கு பென்ஷன் கணக்குப் போடறதுக்காக பார்வை எவ்வளவு போச்சுன்னு அளக்கற வேலை அவருக்கு. குண்டு போன பாதையையும் பார்வைல விழுந்த ஓட்டையையும் ஒப்பிட்டு 1909ல புஸ்தகமா போட்டாரு. இன்னைக்கு உங்க பிரிண்டப் பாத்து வலது பின் மூளைன்னு சொல்ல முடியறதுக்கு அந்த சிப்பாய்ங்களும் ஒரு காரணம்.

யாழ்_ரொறன்ரோ
நான் ரொறன்ரோவில இருக்கிறன். என்ர அண்ணருக்கும் இதே பிரச்சினைதான் வந்தது, அவருக்கு வலப் பக்கம். இஞ்ச லைசன்ஸுக்கு ரெண்டு கண்ணும் திறந்தபடி கிடையா 120 பாகை தொடர்ச்சியாத் தெரிய வேணும், இல்லாட்டி கார் ஓடேலாது. வைத்தியரே அறிவிச்சுப் போடுவினம். விலக்கு கேட்டு விண்ணப்பிக்கிற திட்டம் இருக்குது, ஆனா லேசில கிடைக்காது. அண்ணர் முதல்ல சரியான கோபம், ரெண்டு மாசம் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல, இப்ப பஸ்ஸில திரியிறார். உங்கட அப்பாவை தயவுசெய்து மோட்டார் சைக்கிள் ஓட விடாதேங்கோ, அவருக்கு மட்டுமில்ல, ரோட்டில நிக்கிற பிள்ளையளுக்கும் ஆபத்து.

தென்காசி_சாரல்
அதுதான்ணே பெரிய சண்டை. "எனக்கு நல்லா தெரியுதுடே, சார்ட் படிச்சேம்லா"ங்காரு. நம்ம ஊர்ல லைசன்ஸ் புதுப்பிக்கப்ப ஃபீல்ட யாரு பாத்தா.

நிலா_வெளிச்சம்
எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா கெடற பரம்பரை நோய். அம்மாவ கட்டுனது அவங்க சொந்த தாய்மாமா, அதனால வந்ததுன்னு சொல்றாங்க, எங்க பக்கம் அந்த மாதிரி கல்யாணம் சகஜம். சின்ன வயசுல இருட்டுல தெரியாது, அதை மாலைக்கண்ணுன்னு ஈரல் வாங்கிக் குடுத்தே பல வருஷம் போச்சு. அப்புறம் ஓரம் சுருங்கி சுருங்கி இப்ப குழாய் வழியா பாக்கற மாதிரிதான். ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, பார்வைக் கோணம் 40 டிகிரிக்குக் கீழ போனா லோ விஷன், 10 டிகிரிக்குக் கீழன்னா பார்வையின்மைன்னு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே இருக்கு, சார்ட்ல எத்தனை வரி படிச்சாலும் சரி. பல பேருக்கு இது தெரியாம யுடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டே வாங்காம இருக்காங்க, உங்கப்பாவுக்கும் மெடிக்கல் போர்டுல கேட்டுப் பாருங்க. ரெண்டாவது, ஜீன் தெரபின்னு விளம்பரம் பாத்து ஓடாதீங்க. 2017 கடைசில அமெரிக்கால அனுமதி கிடைச்ச அந்த ஊசி ஆர்பிஇ65ங்கற ஒரே ஒரு ஜீன் கெட்டவங்களுக்கு மட்டும்தான். ஸ்டெம் செல்லுன்னு காசு புடுங்கறவன்ட்ட நான் ஏமாந்தது போதும்.

மாட்டுத்தாவணி_மச்சான்
வைகை அண்ணே, எனக்கும் க்ளாக்கோமான்னுட்டாங்க, காத்து அடைச்ச மாதிரி இழுப்பு வேற இருக்கு. டிமோலால் குடுத்துருக்காங்க, விடலாமா?

வைகை_வாசி
இழுப்பு இருக்குன்னு டாக்டர்ட்ட சொன்னீங்களா? சொல்லலைன்னா உடனே போன் போடுங்க, டிமோலால் மூச்சுக் குழாய இறுக்கும், ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகாது. எனக்கு ராத்திரி ஒரு சொட்டு லேட்டனோபிராஸ்ட், இமை முடி நீளமா வளருது, பேத்தி பொறாமைப்படுறா. ஒரு சொட்டு போதும், விட்டுட்டு கண்ண மூடி மூக்கோரத்த ரெண்டு நிமிஷம் அமுக்கிக்கங்க, தொண்டைக்குப் போகாது. ரெண்டு மருந்துன்னா நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. லேசரும் கேட்டுப் பாருங்க, 2019ல இங்கிலாந்துல வந்த ஆராய்ச்சில முதல்லயே எஸ்எல்டி லேசர் பண்ணுனவங்கள்ல முக்கால்வாசிப் பேரு மூணு வருஷம் சொட்டு இல்லாமலே ஓட்டிருக்காங்க. கண்ணுக்குள்ள நீர் வடியற கோணம் மூடுன வகைன்னா அது வேற லேசர். எதுக்கும் அடங்கலைன்னா ஆபரேஷன், இல்ல கண்ணுக்குள்ள குழாய் வைக்கிறது, அந்தக் குழாய நம்ம மதுரை ஆரோலேப்லயே பண்றாங்க, வெளிநாட்டுத உட சல்லிசு. எது பண்ணுனாலும் போனது வராது, இருக்கறத காப்பாத்தத்தான், நல்லா கேட்டுக்கங்க. உங்க அண்ணன் தம்பிகளையும் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க, இது குடும்பத்துல ஓடும்.

மாட்டுத்தாவணி_மச்சான்
சரிண்ணே. அந்த ஃபீல்ட் டெஸ்ட்ல தூங்கிட்டேன்னு நினைக்கிறேன், ரிப்போர்ட் கேவலமா வந்துருக்கு 😅

சேலத்து_ஆப்டோம்
நெறைய பேரு தூங்கறாங்க, இருட்டு ரூமு, ஏசி வேற. முதல் டெஸ்ட்ட வச்சு யாரும் முடிவு பண்ண மாட்டாங்க, திரும்ப எடுக்கச் சொல்லுங்க. நடு லைட்ட மட்டும் பாருங்க, சுத்தி மின்னற புள்ளி தெரிஞ்சா பட்டன அமுக்குங்க, அந்தப் புள்ளியத் தேடிட்டுப் போகாதீங்க, பாதிப் புள்ளி தெரியாத அளவுக்குத்தான் அந்த மெஷின் மங்கலா காட்டும், அது உங்க குத்தமில்ல. களைச்சா பட்டன அமுக்கிப் புடிச்சுக்கங்க, நிக்கும். இமை தொங்குனா டேப் ஒட்டச் சொல்லுங்க, இல்லைன்னா மேல் பாதி சும்மாவே கருப்பா வரும்.

தென்காசி_சாரல்
ஒரு வழியா வண்டி பிரச்சனை முடிஞ்சுது. நியூராலஜிஸ்ட்டே அப்பாட்ட அந்த பிரிண்ட காட்டி "இந்தக் கருப்புல ஒரு பிள்ளை ஓடி வந்தா உங்களுக்குத் தெரியாது"ன்னுட்டாரு, வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசாம சாவிய என்ட்ட குடுத்துட்டாரு. இப்ப நடக்கையில இடது பக்கம் யாராவது ஒருத்தர் போறோம். மூணு மாசம் கழிச்சு ஃபீல்ட் டெஸ்ட் திரும்ப எடுக்க சொல்லிருக்காங்க, பழைய பிரிண்டையும் புதுசையும் சேர்த்து இங்க போடுதேன். சார், இப்ப எடுத்த 24-2ங்கற அதே வகை டெஸ்ட்தானே எடுக்கணும், வேற ஏதும் கேக்கணுமா?

சேலத்து_ஆப்டோம்
அதே மெஷின், அதே 24-2, அப்பத்தான் ஒப்பிட முடியும். படிக்க இன்னும் சிரமப்பட்டா கூடவே 10-2 கேளுங்க, நடுவுல 10 டிகிரிய நெருக்கமா பாக்கும். காலைல எடுங்க, சாப்பிட வச்சு கூட்டிட்டுப் போங்க.